வணிகப் பேச்சில் ஆங்கில மரபுத்தொடர்கள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கூரைக் கொட்டகையில், அரிக்கேன் விளக்கொளியில், மாலை வகுப்பாகத் தொடங்கியது இக்கழகம். இன்று இதன் பிள்ளைகள் பட்டதாரிகளாக, கணக்கர்களாக, சிறு தொழில் முனைவோராக இவ்வவையில் அமர்ந்திருப்பதைக் காணும்போது என் நெஞ்சம் நிறைகின்றது. இந்நன்னாளில் "வணிகப் பேச்சில் வழங்கும் ஆங்கில மரபுத்தொடர்கள்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். விழா மேடைக்கு இது ஏற்ற பொருள்தானா என்று சிலர் எண்ணக்கூடும். ஏற்றது என்பதற்கு என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றையே சான்றாக வைக்கின்றேன்.

பி.ஏ. பட்டம் பெற்ற பின்னர், பி.எட். சேருவதற்கு முன், 1992 ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு தனியார் வணிக நிறுவனத்தில் எழுத்தராகச் சில மாதங்கள் பணியாற்றினேன். ஒரு நாள் காலை மேலாளர் எங்களை அழைத்து ஆங்கிலத்தில் பேசினார். சரக்கு வாங்குவோர் ஏதோ கேட்டிருக்கின்றனர் என்பது விளங்கிற்று. இறுதியில் என்னைப் பார்த்து, லாரியைக் "கால் ஆஃப்" செய்யுமாறு கூறினார். "கால்" என்றால் அழைத்தல் என்று நான் படித்திருந்தேன். "ஆஃப்" என்னும் சிறு சொல்லை நான் பொருட்படுத்தவில்லை. உடனே லாரியை வரவழைத்தேன். மாலைக்குள் சரக்கு ஏற்றப்பட்டு வண்டி புறப்பட்டுவிட்டது.

மேலாளர் சொன்னது அதற்கு நேர்மாறானது. வாங்குவோர் சரக்கைப் பின்னர் அனுப்புமாறு கேட்டிருந்தனர். ஆகவே லாரியை வேண்டாமென்று நிறுத்தச் சொன்னார் அவர். சரக்கு போன வழியே திரும்பி வந்தது. இரு வழி வாடகையும் என் ஊதியத்தில் மூன்று மாதங்கள் பிடிக்கப்பட்டது. அது கூடப் பெரிதில்லை. "இவர்களை எல்லாம் இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும்" என்று அறைக்கு வெளியே ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. என் பிழை என் ஒருவனுடைய பிழையாக இருக்க அங்கே இடமில்லை. அது என் தெருவின் பிழையாக, என் மக்களின் பிழையாக எழுதப்பட்டது.

நண்பர்களே, "கால் ஆஃப் என்றால் என்ன ஐயா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்நாள் வேறாக முடிந்திருக்கும். கேட்டால் தெரியாதவன் என்பார்களே என அஞ்சி வாய் மூடியிருந்தேன். அந்த அச்சத்தை உங்களிடமிருந்து அகற்றுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் இத்தொடர்களின் இயல்பைக் காண்போம். ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு "அப்", "ஆஃப்", "அவுட்", "டவுன்" போன்ற சிறு சொல் ஒன்று சேரும்போது, இரண்டின் தனிப் பொருளுக்கும் தொடர்பற்ற புதுப்பொருள் தோன்றுவதுண்டு. இதைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை. நம் தாய்மொழியிலும் இது உண்டு. "கண்டுபிடித்தான்" என்கிறோம், அங்கே காண்பதும் இல்லை, பிடிப்பதும் இல்லை. "விட்டுக்கொடுத்தான்" என்கிறோம், எதையும் கையிலிருந்து விடவும் இல்லை, எடுத்துக் கொடுக்கவும் இல்லை. வெளிநாட்டார் ஒருவர் தமிழ் கற்க வந்தால், "கம்பி நீட்டினான்" என்பதற்கு இரும்புக் கம்பியைத் தேடுவார். அவர் நிலைதான் ஆங்கிலத்தில் நமது நிலை. இது அறிவுக் குறைவன்று, பழக்கக் குறைவு.

"லுக்" என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். "லுக் ஃபார்" என்றால் தேடுதல். "லுக் ஆஃப்டர்" என்றால் கவனித்துக் காத்தல். "லுக் இன்ட்டு" என்றால் ஒரு புகாரையோ சிக்கலையோ ஆராய்தல். "லுக் ஃபார்வர்ட் டு" என்றால் ஆவலோடு எதிர்பார்த்தல். வணிகக் கடிதங்களின் இறுதி வரியில் இதைக் காணலாம். "லுக் அப் டு" என்றால் ஒருவரை மதித்துப் போற்றுதல். "லுக் டவுன் ஆன்" என்றால் இழிவாகக் கருதுதல். கடைசித் தொடரின் பொருளை நம்மில் எவருக்கும் விளக்க வேண்டிய தேவையில்லை. வாழ்க்கை முன்பே கற்பித்துவிட்டது. அதன் ஆங்கிலப் பெயரை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, கணக்கைச் சார்ந்த தொடர்கள். கணக்கேடுகளில் இழப்பைச் சிவப்பு மையில் எழுதும் வழக்கம் இருந்தது. அதனால் "இன் த ரெட்" என்றால் நட்டத்தில் இருத்தல். "இன் த பிளாக்" என்றால் இலாபத்தில் இருத்தல். "பிரேக் ஈவன்" என்பதில் உடைப்பது ஒன்றுமில்லை. போட்ட முதலுக்கும் வந்த வரவுக்கும் சரியாகிவிட்டது என்பதே பொருள். "பாட்டம் லைன்" என்பது கணக்கின் கடைசி வரி. இறுதியில் நிற்கும் இலாப நட்டத்தைக் காட்டுவது. அதிலிருந்து "முடிவாகச் சொல்வதென்றால்" என்னும் பொருளும் கிளைத்தது. "பால்பார்க் ஃபிகர்" என்பது அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்திடலிலிருந்து பிறந்தது. நம் கடைத்தெருவில் "குத்துமதிப்பாகச் சொல்" என்பார்களே, அதுவே இது.

இவ்வரிசையில் ஒரு தொடரை மிகுந்த கவனத்தோடு கேளுங்கள். தாட்கோ வழியாகவோ நேரடியாகவோ வங்கிக் கடன் பெற்றுத் தொழில் நடத்துவோர் இங்கு உள்ளீர்கள். கல்விக் கடன் பெற்ற பிள்ளைகளும் உள்ளீர்கள். வங்கியில் "ரைட் ஆஃப்" என்றும் "வெயிவ்" என்றும் இரு சொற்கள் உண்டு. செய்திகளில் இரண்டும் சில வேளை "தள்ளுபடி" என்றே வருகின்றன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. "வெயிவ்" என்றால் கடன்பட்டவர் இனிக் கட்ட வேண்டுவதில்லை என்று விட்டுவிடுதல். "ரைட் ஆஃப்" என்றால், வாராக் கடன் எனக் கருதி வங்கி தன் கணக்கேட்டிலிருந்து அத்தொகையை நீக்கிக்கொள்ளுதல். ஏட்டில் நீங்கினாலும் கடன் நீங்குவதில்லை. வசூல் நடவடிக்கை தொடரலாம். "உங்கள் கடன் ரைட் ஆஃப் ஆகிவிட்டது" என்று எவரேனும் சொன்னால், மகிழ்ந்து வீடு திரும்பாதீர்கள். "நான் இனிக் கட்ட வேண்டியது ஏதும் இல்லை என எழுத்தில் தருவீர்களா?" என்று கேளுங்கள். ஒரு சிறு சொல்லின் பொருள் ஒரு குடும்பத்தின் வீட்டையும் நிலத்தையும் காக்கக்கூடும்.

மூன்றாவதாக, காலம் தாழ்த்தலைக் குறிக்கும் தொடர்கள். "புட் ஆஃப்" என்றால் வேறு நாளுக்குத் தள்ளிவைத்தல். "கால் ஆஃப்" என்றால் அறவே கைவிடுதல். இரண்டுக்கும் உள்ள தொலைவை நான் வாடகை கொடுத்துக் கற்றேன். "ஆன் த பேக் பர்னர்" என்றொரு தொடர் உண்டு. பல எரிவாய்கள் கொண்ட அடுப்பில், அவசரமில்லாத பாத்திரத்தைப் பின்புறத்து எரிவாய்க்கு மாற்றிவைப்பது அது. நம் தாய்மார்கள் மண்ணடுப்பில் சோற்றை முன்னடுப்பிலும் குழம்பைக் கொடியடுப்பிலும் வைப்பார்களே, அதே காட்சி. உங்கள் கோரிக்கை "பேக் பர்னரில்" உள்ளது என்றால், அது மறுக்கப்படவில்லை, ஆறப் போடப்பட்டுள்ளது என்று அறிக. ஆனால் "டர்ன் டவுன்" செய்தோம் என்றால் அது மறுப்பு. முன்னதற்கு நினைவூட்டுக் கடிதம் எழுத வேண்டும்; பின்னதற்குக் காரணம் கேட்க வேண்டும் அல்லது மேல்முறையீடு செய்ய வேண்டும்.

ஆங்கிலேயரும் அமெரிக்கரும் கூட இத்தொடர்களில் இடறியுள்ளனர். "டேபிள்" என்னும் வினை பிரிட்டனில் ஒரு பொருளை விவாதத்திற்கு முன்வைப்பதைக் குறிக்கும். அமெரிக்காவில் அதை விவாதிக்காமல் ஒதுக்கிவைப்பதைக் குறிக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் இச்சொல்லால் நெடுநேரம் வாதிட்டனர் என்றும், இரு தரப்பாரும் விரும்பியது ஒன்றே எனப் பின்னரே விளங்கிற்று என்றும் வின்ஸ்டன் சர்ச்சில் தம் போர் வரலாற்று நூலில் குறித்துள்ளார். அவர்களே தடுமாறியபோது, பொருள் கேட்பதில் நமக்கென்ன வெட்கம்?

நம் நாட்டிற்கே உரிய ஆங்கிலமும் உண்டு. "பிரிபோன்" என்னும் சொல் இங்கு எல்லோர்க்கும் விளங்கும். ஆங்கில அகராதிகளிலும் இடம் பெற்றுவிட்டது. ஆயினும் அயல்நாட்டார் பலர்க்கு அது புதிது. அவர்கள் "பிரிங் ஃபார்வர்ட்" என்பர். "ரிவர்ட்" என்பதை நாம் மறுமொழி தருதல் என்னும் பொருளில் வழங்குகிறோம். அவர்கட்கு அது பழைய நிலைக்குத் திரும்புதல். அவர்களோடு பேசும்போது "கெட் பேக் டு" என்பது ஐயமற விளங்கும்.

இனி, இவற்றைக் கற்கும் முறை. பட்டியலாக நெட்டுருச் செய்யாதீர்கள், மறுநாள் நில்லாது. ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு இரண்டு தொடர்களே போதும். ஒவ்வொன்றிற்கும் தமிழில் பொருள், அதை ஒத்த தமிழ் வழக்கு, உங்கள் சொந்த வேலையைப் பற்றிய ஓர் ஆங்கில வாக்கியம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். சொல் நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். "கால் ஆஃப் த மீட்டிங்" என்றும் சொல்லலாம், "கால் த மீட்டிங் ஆஃப்" என்றும் சொல்லலாம். ஆனால் "இட்" வரும்போது "கால் இட் ஆஃப்" என்பதே சரி. "கால் ஆஃப் இட்" என்பது பிழை.

ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தை நாள்தோறும் ஒரு பத்தியேனும் உரக்கப் படியுங்கள். ஞாயிறுதோறும் இக்கழக மண்டபத்தில் ஐவர் அமர்ந்து, ஒருவர் மேலாளராகவும் ஒருவர் வாங்குவோராகவும் மற்றவர் அலுவலராகவும் நடித்து, அரை மணி நேரம் ஆங்கிலத்தில் கூட்டம் நடத்துங்கள். பிழை விடுங்கள். இங்கே விடும் பிழைக்கு வாடகை கிடையாது, சிரிப்பவரும் நம்மவரே. பொறுப்பாளர்கள் இதற்கு இசைவளித்தால், மாதம் இரு ஞாயிறு நானே வந்து உடனமர்வேன்.

ஓர் எச்சரிக்கையும் சொல்வேன். மரபுத்தொடர்களை அள்ளித் தெளிப்பது புலமையன்று. பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ள நிறையக் கற்றுக்கொள்ளுங்கள்; நீங்கள் பேசும்போது எளிய சொற்களையே ஆளுங்கள். புரியாத இடத்தில், "மன்னிக்கவும், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா? லாரியை நிறுத்த வேண்டும் என்றுதானே சொல்கிறீர்கள்?" என்று உங்கள் சொல்லில் திருப்பிக் கேளுங்கள். அதைக் கேட்கும் ஆங்கிலம் உங்களிடம் இன்றே உள்ளது. தேவைப்படுவது துணிவு ஒன்றே.

1930 ஆம் ஆண்டில் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில், நம் மக்களின் சார்பாக அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் அமர்ந்தனர். எந்த மக்களைப் பொதுக் கிணற்றடியில் நிற்க விடவில்லையோ, அந்த மக்களின் குரல் பிரதமர் முன்னிலையில் ஆங்கிலத்தில் ஒலித்தது. மேசையருகே இடம் பெற்றுத் தந்தவர்கள் அவர்கள். அங்கே பேசப்படுவதைப் புரிந்துகொண்டு, புரியாததைத் தலை நிமிர்ந்து கேட்டு, நம் பங்கைப் பெறுவது நம் கடமை.

என் மூன்று மாதப் பிடித்தத்தை உங்களுக்கான கல்விக் கட்டணமாக நான் முன்னமே செலுத்திவிட்டேன். அதன் பயனை நீங்கள் பெறுவீர்கள் என நம்புகின்றேன்.