பிறநாட்டு விமானக் கம்பனியின் பரீட்சைக்கு ஆயத்தமாதல்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பிறநாட்டு விமானக் கம்பனியொன்றிலே விமானியாகச் சேர விரும்பும் ஒருவர் நேர்முகப் பரீட்சைக்கும், சிமியுலேற்றர் எனப்படும் பாவனை விமானப் பரீட்சைக்கும் எவ்வாறு ஆயத்தஞ் செய்தல் வேண்டும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இரத்மலானையிலே பறக்கப் பழகி அனுமதிப்பத்திரம் பெற்ற பிள்ளைகள் டுபாய், டோகா, சிங்கப்பூர் என்று விண்ணப்பம் அனுப்புகின்றனர். அவர்களுட் சிலருடைய பெற்றார் காணியை ஈடுவைத்துப் பயிற்சிப் பணங் கட்டியவர்கள். ஆகவே இஃது ஒரு பிள்ளையின் உத்தியோகத்தோடு மாத்திரம் முடிகின்ற விஷயமன்று.

பத்திரங்களைப் பற்றிச் சுருங்கச் சொல்லி அப்பாற் செல்வோம். அனுமதிப்பத்திரம், முதலாந்தர வைத்திய அத்தாட்சி, பறப்புக் குறிப்பேடு ஆகியவை ஒழுங்காயிருத்தல் வேண்டும். குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். பறவாத மணித்தியாலத்தைப் பறந்ததாக எழுதியவனுக்கு இத்தொழிலில் இடமில்லை. உத்தியோகம் எடுத்துத் தருவோம் என்று பணங் கேட்கும் தரகரை வாசலோடு அனுப்பிவிட்டுக் கம்பனிக்கு நேரே விண்ணப்பியுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் விமானிகளின் பேச்சுத் திறனை ஆறு படிகளாக வகுத்து, நான்காம் படியையேனும் எட்டியிருக்க வேண்டுமென்ற விதியை 2008 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் நடைமுறைப்படுத்தியது. அழகாகப் பேசுவதற்கன்று இவ்விதி. 1990 ஆம் ஆண்டு ஜனவரி 25 ஆந் திகதி கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் சென்ற போயிங் 707 விமானமொன்று, இறங்க இடங் கிடையாது வட்டமிட்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 73 பேர் மாண்டனர். எரிபொருள் குறைகிறது என்று துணை விமானி கோபுரத்துக்குச் சொன்னார், முன்னுரிமையுங் கேட்கப்பட்டது. ஆனால் அவசர நிலை என்ற அந்த ஒரு சொல் மட்டும் சொல்லப்படவில்லை.

இனிச் சிமியுலேற்றருக்கு வருவோம். அமெரிக்காவிலே ஓகன் வாத்தியஞ் செய்யும் குடும்பத்திற் பிறந்த எட்வின் லிங்க் என்பவர், அவ்வாத்தியத்துக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே 1929 ஆம் ஆண்டளவில் ஒரு பாவனை விமானத்தை அமைத்தார். அதனை முதலில் மதிப்பார் அதிகமில்லை. மோசமான காலநிலையில் தபால் கொண்டு சென்ற விமானிகள் பலர் மாண்டபின்னரே, 1934 இல், அமெரிக்கப் படையினர் ஆறு இயந்திரங்களை வாங்கினர். வாத்தியக்காரர் வீட்டுப் பிள்ளை விமானிகளுக்குக் குருவானது வேடிக்கைதான்!

இன்றைய சிமியுலேற்றரிலே பரீட்சகர் முதலிற் செய்வது, ஓட்டோ பைலற்றை நிறுத்தி, திரையில் வழிகாட்டும் கோடுகளையும் அணைத்துவிட்டு, வெறுங் கருவிகளைப் பார்த்துப் பறக்கச் சொல்வதேயாம். ஆகையால் பரீட்சை எந்த விமானத்தில் என்பதை முன்னரே கேட்டறிந்து, இன்ன வேகத்துக்கு மூக்கு எத்தனை பாகை உயர்ந்திருக்க வேண்டும், எஞ்சினுக்கு எவ்வளவு வலுக் கொடுக்க வேண்டும் என்பவற்றை மனனஞ் செய்யுங்கள். மனக்கணக்கும் வேண்டும். மூன்று பாகைச் சரிவில் இறங்கும்போது தரைவேகத்தை ஐந்தாற் பெருக்கினால் நிமிடத்துக்கு இத்தனை அடி என்பது வரும். 140 நொட் என்றால் 700 அடி. 30,000 அடியிலிருந்து இறங்க 90 கடல் மைல் முன்னரே தொடங்க வேண்டும். காத்திருப்பு வட்டத்துள் நுழையும் மூன்று முறைகளையும் கடதாசியில் வரைந்து பழகுங்கள். 14,000 அடி வரை ஒரு நிமிட ஓட்டம், அதற்கு மேல் ஒன்றரை. ஓடுபாதையை விட்டெழும் வேளையில் எஞ்சின் ஒன்று நின்றுபோகும், அதுவும் நிச்சயம். அப்பொழுது கையும் வாயும் பதறக்கூடாது. நேராகப் பிடித்து ஏற்றுங்கள். பெரும்பாலான கம்பனிகளில் 400 அடி ஏறும் வரை வேறு சுவிச்சைத் தொடுவதில்லை.

நமது பிள்ளைகள் ஒரு பிழையுமின்றிப் பறந்தாற்றான் சித்தி என்று நினைக்கின்றனர். பரீட்சகருக்குத் தெரியும், பழகாத விமானத்தில் எவருக்கும் உயரஞ் சற்றுத் தவறும் என்று. 150 அடி தவறியதைத் தானே கண்டு, வாய்விட்டுச் சொல்லி, மெல்லத் திருத்துகின்றவனை அவர் விரும்புவார். கண்டும் காணாதவன் போலிருப்பவனையே அஞ்சுவார்.

இதனினும் பெரிய விஷயமொன்று உண்டு. பெரியோர்கள் முன்னிலையில் அதைச் சொல்லத்தான் வேண்டும். மூத்தோர் சொல்லுக்கு மறுசொல் சொல்லாதே என்று நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். வீட்டுக்கு அது நல்லது. விமானியறையிலே அது ஆட்கொல்லியாகலாம். 1977 ஆம் ஆண்டு மார்ச்சு 27 ஆந் திகதி தெனெரிஃப் தீவிலே மூடுபனியில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். ஓடத் தொடங்கிய டச்சு விமானத்தின் கப்டன் சாமானியரல்லர். தமது கம்பனியில் அவ்வகை விமானத்துக்குப் பயிற்சித் தலைவர். அனுமதி இன்னும் வரவில்லையென்று துணை விமானி முதலில் ஒருமுறை தடுத்தார். இரண்டாம் முறை கப்டன் விமானத்தை ஓடவிட்டபோது அவர் தடுக்கவில்லை. மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கப்டன் அழுத்திச் சொல்லவே, அவரும் அடங்கினார். இத்தகைய விபத்துக்களின் பின்னரே விமானியறையில் ஒருவரோடொருவர் கூடி வேலை செய்யும் பயிற்சி பிறந்தது. அமெரிக்காவின் யுனைற்றெட் கம்பனி 1981 இல் அதனைத் தொடங்கியது.

ஆதலால் நேர்முகப் பரீட்சையில், உங்கள் கப்டன் பிழைவிட்டபொழுது நீர் என்ன செய்தீர் என்று கேட்டே தீருவர். "எங்கள் கப்டன்மார் பிழைவிடுவதில்லை" என்பது மரியாதையான விடை, தோற்கும் விடை. உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்: என்ன நிலைமை, நீங்கள் கண்டது யாது, எந்தச் சொல்லாற் சொன்னீர்கள், கேளாவிடின் அடுத்து என்ன செய்தீர்கள், முடிவு என்ன. இரத்மலானைச் சிறு விமானத்திலே போதனாசிரியரோடு நடந்ததாயினும் போதும். இரவல் கதை இரண்டாங் கேள்வியில் உடைந்துபோகும். பணிவாகச் சொல்லலாம், சொல்லாமல் விடுவதுதான் ஆகாது. "ஐயா, உயரம்" என்ற இரண்டு சொல்லே சில வேளை போதுமானது.

இதனை வீட்டிலேயே பழகலாம். இரண்டு கதிரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கருவிப் பலகையின் படத்தைச் சுவரில் ஒட்டுங்கள். தங்கை சரிபார்ப்புப் பட்டியலை வாசிக்கட்டும். தகப்பனார் இடப்பக்கக் கதிரையில் கப்டனாக அமர்ந்து, வேண்டுமென்றே பிழையான உயரத்தைச் சொல்லட்டும். மகன் மறுக்கட்டும். முதல் நாள் அவன் குரல் எழும்பாது. தகப்பனாருக்கும் முகஞ் சுருங்கும். ஒரு கிழமை விடாது செய்து பாருங்கள்.