வில்லியம்ஸ்பர்க் நகரின் வழிகாட்டிகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வெளிநாடு சென்று திரும்பியோரை மேடையேற்றிப் பேசச் சொல்வது நம் சங்கத்தின் நல்ல மரபு. மகளின் இல்லத்தில் சில திங்கள் தங்கிவந்த எங்களுக்கு இன்று அப்பேறு வாய்த்துள்ளது. நயாகரா அருவியைப் பற்றியும் நியூயார்க்கின் மாளிகைகளைப் பற்றியும் பலர் பேச நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆதலின், வர்ஜீனியா மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ்பர்க் என்னும் பழம்பதியையும், அதனைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகளையும் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகராக விளங்கியது அவ்வூர். தலைநகரம் ரிச்மண்டுக்கு மாறியபின் பொலிவிழந்தது. அவ்வூர்த் தேவாலயத்தின் குருவாயிருந்த குட்வின் என்பார் பழைய நகரை மீட்டெழுப்பக் கனவு கண்டார். இளைய ராக்பெல்லர் பொருள் வழங்க, 1926-இல் பணி தொடங்கிற்று. எஞ்சிய வீடுகளைச் செப்பனிட்டனர். அழிந்தவற்றை அவற்றின் அடித்தளங்களைத் தோண்டிக் கண்டு, அவற்றின்மீதே மீண்டும் எழுப்பினர். ஆளுநர் மாளிகை 1781-இல் தீக்கிரையாகியிருந்தது. ஆக்ஸ்போர்டு நகரின் போட்லியன் நூலகத்தில் 1929-இல் கிடைத்த ஒரு செப்புத்தகடும், ஜெபர்சன் வரைந்த வரைபடமும் அதன் பழைய தோற்றத்தை அறியத் துணைபுரிந்தன.

நாங்கள் சென்ற காலையில் பெருந்தெருவில் மோட்டார் வண்டி ஒன்றையும் காணோம். குதிரை வண்டிகளே சென்றன. கொல்லர் உலைக்களமும், அச்சுக்கூடமும், பொய்முடி செய்யும் கடையும் பழைய முறையிலேயே இயங்குகின்றன. முக்கோணத் தொப்பி அணிந்த வழிகாட்டி ஒருவர் எங்களைச் சட்டமன்றக் கட்டடத்துக்கு அழைத்துச் சென்றார். முத்திரைச் சட்டத்தை எதிர்த்து 1765-இல் பாட்ரிக் ஹென்றி முழங்கிய வரலாற்றை அவர் கூற, "அவர் நின்று பேசிய இடம் இதுதானா?" என்று கூட்டத்தில் ஒருவர் ஆர்வத்துடன் வினவினார். "அன்று" என்றார் வழிகாட்டி. முதற் கட்டடம் 1747-இல் எரிந்துபோயிற்றென்றும், ஹென்றி பேசியது அதன்பின் கட்டிய இரண்டாவதில் என்றும், இப்போது நாம் காண்பது முதற் கட்டடத்தின் மறு உருவமே என்றும் விளக்கினார். ஆம் என்றிருந்தால் கேட்டவர் மகிழ்ந்திருப்பார். மகிழ்விப்பதைவிட மெய் சொல்வதே தம் கடமை என்று அவர் கருதியது எங்களைக் கவர்ந்தது.

அடுத்துப் பெய்டன் ராண்டால்ப் என்பாரின் இல்லத்தைக் கண்டோம். 1774-இல் கூடிய முதல் அமெரிக்கக் காங்கிரசின் தலைவர் இவரே. அவ்வில்லத்தில் இருபத்தேழு அடிமைகள் உழைத்தனர். அவர்களுள் ஈவ் என்னும் பெண்ணொருத்தி உண்டு. கிளர்ச்சிக்காரரின் அடிமைகள் தம் பக்கம் வந்து படைக்கலம் ஏந்தினால் விடுதலை உண்டென 1775 நவம்பரில் ஆங்கில ஆளுநர் டன்மோர் அறிவித்திருந்தார். ஈவ் தன் மகனுடன் ஆங்கிலேயர் பக்கம் ஓடினாள், பின்னர்ப் பிடிபட்டாள். அவளுடைய தீய ஒழுக்கத்தால் அவளை விற்க நேர்ந்ததென்று ராண்டால்பின் மனைவியார் 1782-இல் தம் உயிலில் எழுதிச் சேர்த்தார். விடுதலையை நாடியதே அங்குத் தீய ஒழுக்கமாயிற்று!

"அந்த வீட்டுக்காரர் நல்லவரா, கெட்டவரா?" என்று எங்கள் பேத்தி வழிகாட்டியாகிய அம்மையாரைக் கேட்டாள். அவர் சற்றே புன்னகைத்து, "குழந்தாய், நாட்டின் விடுதலையைப் பற்றிப் பேசியதும் இவ்வீட்டில்தான், ஈவ் ஓடியதும் இவ்வீட்டிலிருந்துதான். இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்" என்றார்.

அன்பர்களே, இந்த இரண்டாவது கதை அந்நகரில் நெடுங்காலம் ஒலிக்கவில்லை. விடுதலைப் போர்க்காலத்தில் அங்கு வாழ்ந்தோருள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்களே. ஆயினும் 1979-இல்தான் அவர்கள் வாழ்வை நடித்துக் காட்டும் முயற்சி தொடங்கிற்று. 1994-இல் அடிமை ஏலம் ஒன்றை நடித்துக் காட்டியபோது, முன்னோர் பட்ட துன்பத்தை வேடிக்கையாக்கலாகாதெனக் கறுப்பின மக்களுள் பலர் கண்டித்தனர். மறைத்தால் மறந்தே போகும் என்றார் அதனை நடத்திய கறுப்பினப் பெண்மணி கிறிஸ்டி கோல்மன். இரு சாராரின் சொல்லிலும் நியாயம் உண்டு.

கறுப்பின மக்கள் 1776 முதல் போற்றிவந்த திருச்சபையின் பழைய ஆலயத்தை, நகரை மீட்டெழுப்பிய நிறுவனமே 1950-களில் வாங்கி இடித்தது. அவ்விடம் வண்டி நிறுத்துமிடமாயிற்று. 2020-இல் அதே நிறுவனம் அங்கு அகழத் தொடங்கியது. பழைய அடித்தளமும் அறுபதுக்கு மேற்பட்ட புதைகுழிகளும் வெளிப்பட்டன. 1760 முதல் கறுப்பினச் சிறார் பயின்ற பள்ளி வீட்டையும் அதன் மரங்களின் வளையங்களை ஆராய்ந்து அறிந்து, 2023-இல் பழைய நகருக்குள் பெயர்த்து வைத்தனர். பணிவு கற்பிக்கவே நிறுவிய பள்ளி அது. ஆயினும் அங்குச் சிறார் எழுத்தும் கற்றனர்.

தவறு செய்த கையே தோண்டிப் பார்க்கவும் துணிந்ததே, அத்துணிவையே நாங்கள் அந்நகரில் கண்ட சிறந்த காட்சியாகக் கருதுகின்றோம்.

ஊரிலிருந்து உறவினர் வரும்போது நாமும் வழிகாட்டிகளே. கோட்டையையும் கோயிலையும் தொழிற்சாலையையும் பெருமையுடன் காட்டுகின்றோம். நம் காலனி எழுமுன் இந்நிலத்தை உழுதவர் யார், இங்குச் செங்கல் சுமந்தவர் யார் என்று நம் பிள்ளைகள் கேட்டால், நம்மில் எத்தனை பேருக்கு விடை தெரியும்? தெரிந்தோர் இங்குள்ள முதியவர்களுள் சிலர் உளர். அவர்களைக் கேட்டறிந்து, அடுத்த ஆண்டு மலரில் நம் பிள்ளைகளே எழுதட்டும் என்று வேண்டி அமைகின்றோம்.