எல்லாம் சரி என்று எழுதிய தாள்



உத்தியோகத்தில் இருப்பவர்களின் மனநிலையை அளக்க முடியுமா என்று பேசச் சொன்னார்கள். நான் பௌதிகம் படித்தவன். ஜுரத்துக்குத் தெர்மாமீட்டர் உண்டு, மனசுக்கு ஏது என்றுதான் நினைத்திருந்தேன்.

இருக்கிறது. இங்கிலாந்தின் மனநல மருத்துவர் டேவிட் கோல்ட்பர்க் 1972-ல் வெளியிட்ட பொது ஆரோக்கியக் கேள்வித்தாள். முதலில் 60 கேள்விகள். இன்று அதிகம் புழங்குவது 12 கேள்விகள் கொண்ட சுருக்கம். தூக்கம், கவனம், தன்னம்பிக்கை இவையெல்லாம் சமீப வாரங்களில் எப்படி என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். முதல் இரண்டுக்கு 0, மற்ற இரண்டுக்கு 1. மொத்தம் கூடுதலாக வந்தால் வியாதி என்று அர்த்தமில்லை. டாக்டர் ஒரு தரம் பார்க்கட்டும் என்றுதான் அர்த்தம். ஒரு குறையும் உண்டு. வழக்கத்தோடு ஒப்பிட்டுக் கேட்பதால், பத்து வருஷமாகத் தூக்கமில்லாதவர் 'வழக்கம்போல்' என்று எழுதினால் அவருக்கு 0!

1985-ல் லண்டனில் 10,308 அரசு ஊழியர்களிடம் ஒயிட்ஹால் இரண்டாம் ஆய்வு தொடங்கியது. மேலதிகாரிக்குத்தான் டென்ஷன் என்று நாமெல்லாம் சொல்லிக்கொள்வோமே, அங்கே தெரிந்தது வேறு. தன் வேலையைத் தானே தீர்மானிக்க வழியில்லாதவர்களுக்கே இதய நோய் அதிகம் வந்தது.

இனி என் கதை. நான் பதவியிலிருந்தபோது இப்படி ஒரு படிவம் சுற்றுக்கு வந்தது. மேலே பெயரும் பதவியும் எழுத இடம். வாங்கி அனுப்பும் பொறுப்பு எனக்கு. என் பிரிவில் எல்லோரும் பரம சௌக்கியம்! மகிழ்ச்சியோடு மேலே அனுப்பினேன். இரண்டு மாதத்துக்குள் ஒரு குமாஸ்தா நீண்ட மருத்துவ விடுப்பில் போனார். சான்றிதழில் மனச்சோர்வு என்றிருந்தது. அவருடைய தாளின் நகலை எடுத்துப் பார்த்தேன். ஒரு குறைகூட எழுதவில்லை. எப்படி எழுதுவார்? அவருடைய வருடாந்திர ரகசிய அறிக்கையை எழுதுகிறவனே நான்தானே. இது அன்று எனக்கு உறைக்கவில்லை.

இப்போது நம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரிலேயே இந்தக் கேள்விகள் வருகின்றன. பெயர் கேட்பதில்லை, வாஸ்தவம். ஆனால் ஆறு பேர் உள்ள குழுவில் வயதையும் பிரிவையும் கேட்டால் ஆள் யாரென்று தெரியாதா? சிறு குழுக்களின் விவரத்தைத் தனியே காட்டாமல், வெளியார் ஒருவர் தொகுத்துக் கொடுத்தால்தான் அந்த எண்ணை நான் நம்புவேன்.

வீட்டிலும் 'நன்னா இருக்கேன்' என்றுதான் போனில் சொல்கிறார்கள். ஆபீசிலும் சொல்ல முடியாமல் நம்மிடமும் சொல்ல முடியாதவர்களுக்காக ஒன்று: மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ். எண் 14416. 24 மணி நேரமும் உண்டு, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

யாருக்காவது கேள்வி இருந்தால் கேட்கலாம்.