நின்ற கடிகாரமும் ராகு காலமும்



நம் படிப்பகச் சுவரில் ஆடுகிற இந்தச் சாவிக் கடிகாரம் பல வருஷம் நின்று கிடந்தது. நின்ற கடிகாரம் வீட்டிலிருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று, பழைய இரும்புக்குப் போடவிருந்ததை நாம் வாங்கிவந்தோம். திறந்து பார்த்தால் பழைய எண்ணெய் பிசினாய் இறுகி, மதுரைப் புழுதியும் சேர்ந்து சக்கரப் பற்களைப் பிடித்திருந்தது. சனியனுமில்லை, திருஷ்டியுமில்லை. கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, ஊசிமுனையளவு புது எண்ணெய் விட்டார். பெண்டுலத்தைத் தாங்கும் மெல்லிய தகடு முறிந்திருந்தது, மாற்றினார். டிக்கும் டக்கும் சம இடைவெளியில் கேட்கும்வரை பெட்டியை நகர்த்தி நகர்த்தி மாட்டினார். அவ்வளவுதான் பரிகாரம்!

சித்திரை வெயிலில் இது சற்றுச் சோம்பும். பெண்டுலத்தின் கம்பி பித்தளையானால், 10 டிகிரி சூடு ஏறினால் கம்பி நீண்டு நாளைக்குச் சுமார் 8 விநாடி பின்தங்கும். குண்டைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் சரியாகிவிடும். கிரகத்திடம் போகவேண்டியதில்லை.

இனி இதைப் பார்த்துத்தானே ராகு காலமும் சொல்லுவார்கள்? திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்கிறார்கள். எந்த ஏழரை? இது காட்டுவது மதுரை நேரமே அல்லவே! வடக்கே மிர்ஜாப்பூர் பக்கம் போகும் 82½ டிகிரிக் கோட்டின் நேரம். மதுரை 78 டிகிரியில் இருப்பதால், அங்கே சூரியன் உச்சிக்கு வந்து 17 நிமிஷத்துக்கு மேலான பிறகே இங்கே வருகிறது. முன்பு ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின. 1906ல் ஏற்பட்ட இந்திய நேரம் அதற்கு 9 நிமிஷம் முந்தியது. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942 முதல் 1945 வரை, ஒரு மணி நேரமே முன்னால் தள்ளிவைத்தார்கள். ராகு எந்தச் சர்க்கார் உத்தரவைப் படித்து நகர்ந்தார்?

உதயம் முதல் அஸ்தமனம் வரை எட்டாகப் பங்கிடவேண்டும் என்று பஞ்சாங்கக்காரர் சமாதானம் சொல்லலாம். உதயம் தினம் மாறுகிறதே, காலண்டரில் வருஷம் முழுவதும் அதே ஏழரை ஏன்?

இது வெறும் வேடிக்கையானால் விட்டுவிடலாம். பிரசவ வேதனையில் துடிப்பவளை வண்டியில் ஏற்றாமல், "ஒன்பது அடிக்கட்டும்" என்று திண்ணையில் காத்திருந்தவர்களைச் சுற்றுக் கிராமங்களில் பார்த்திருக்கிறோம். வலி நேரம் பார்த்தா வருகிறது? அந்த ஒன்றரை மணியில் தாய்க்கோ பிள்ளைக்கோ ஏதும் நேர்ந்தால் விதி என்கிறார்கள். காத்திருக்கச் சொன்னவரை ஒருவரும் கேட்பதில்லை.

இக்கடிகாரத்துக்கு எட்டு நாள் சாவி. வலது துவாரம் ஓட்டத்துக்கு, இடது துவாரம் மணி அடிக்க. ஞாயிறுதோறும் மாலை 5 மணிக்குச் சாவி கொடுக்கிறோம். அது ராகு காலம்தான். முறைக்காரர்கள் தாமதமில்லாமல் வந்துவிடவேண்டும்.