பார்மேட் போடுறதுக்கு முன்னாடி

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மகாராஜபுரம்தான் என் சொந்த ஊர். அங்க எங்க வீட்டு கம்ப்யூட்டர் திடீர் திடீர்னு தானா ரீஸ்டார்ட் ஆகும். வைரஸ்தான்னு நினைச்சு நானே பார்மேட் போட்டேன். அதுல இருந்த தாத்தாவோட குரல் பதிவுகள் எல்லாம் போச்சு. ரீஸ்டார்ட் மட்டும் நிக்கல.

அப்புறம்தான் விண்டோஸ்ல ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். 'கெர்னல் பவர் 41'னு வரிசையா இருந்துச்சு. ஒழுங்கா ஷட்டவுன் ஆகலைன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். காரணம் சொல்லாது, நேரம் சொல்லும். பெரும்பாலும் காலையில 6.30, சாயங்காலம் 6. அம்மா தண்ணி மோட்டார் போடுற நேரம்!

மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் சட்டுனு இறங்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் அந்த இறக்கத்தைத் தாங்கிடும். எங்களோடது பழசு. அதை மட்டும் மாத்தினேன், பிரச்சினை நின்னுடுச்சு.

உங்க வீட்டுல கேம் ஆடும்போது மட்டும் நின்னா, முதல்ல சூட்டையும் ஃபேன் தூசியையும் பாருங்க. நேரங்காலம் இல்லாம ப்ளூ ஸ்கிரீன் வந்தா ரேமைச் சோதிங்க, அதுக்கான மெமரி டயக்னாஸ்டிக் விண்டோஸ்லயே இருக்கு. ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க. எல்லாத்துக்கும் முன்னாடி பேக்கப் எடுங்க. எஸ்எம்பிஎஸ் கடையில கிடைக்கும், தாத்தா குரல் கிடைக்காது.