இணையவழிக் கல்வியும் நம் மாணவர்களும்



வெள்ளி விழா மகிழ்வதற்கு மட்டும் உரிய நாளன்று. கடந்த பாதையைக் கணக்கிட்டுப் பார்ப்பதற்கும் உரிய நாள். இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கல்லூரி மாணவர்களைக் கடுமையாகச் சோதித்தது கொரோனாப் பெருந்தொற்றுக் காலமே ஆகும்.

2020 மார்ச்சில் தமிழகக் கல்லூரிகள் மூடப்பட்டன. வகுப்புகள் கைப்பேசித் திரைக்கு மாறின. அப்போது ஆசிரியர் பலர், "மாணவர்களுக்கு ஈடுபாடு இல்லை" என்றனர். முகம் காட்டவில்லை, வினாவுக்கு விடையில்லை. ஆகவே அக்கறை இல்லை என்று முடிவு கட்டினர். இத்தீர்ப்பை நாம் அப்படியே ஏற்கலாமா?

2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்திய ஊரக வீடுகளில் இணைய வசதி பெற்றவை நூற்றுக்குப் பதினைந்துக்கும் குறைவு. கணினி உள்ளவை ஐந்துக்கும் குறைவு. இந்நிலையில்தான் பெருந்தொற்று வந்தது. வீட்டுக்கு ஒரே கைப்பேசி. அதையும் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றால் வகுப்பு ஏது? 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாள்தோறும் 2 ஜிபி தரவு வழங்கத் தமிழக அரசு முன்வந்தது. நல்ல உதவிதான். எனினும் அதற்குள் ஒரு பருவமே கடந்துவிட்டது.

அண்ணல் அம்பேத்கர் பம்பாயின் பரேல் பகுதியில் ஓரறைக் குடியிருப்பில் இருந்து பயின்றவர். வீடு உறங்கிய பின், நள்ளிரவு கடந்து எழுந்து படித்தார். நூல் நமக்காகக் காத்திருக்கும். திரை வகுப்போ காத்திருப்பதில்லை. அடுப்பும் தொட்டிலும் தொலைக்காட்சியும் ஒன்றாய் ஒலிக்கும் பகற்பொழுதில், அதே ஓரறையில் அமர்ந்து எங்ஙனம் விடை கூறுவது? கூரையையும் தெருவையும் பார்த்துச் சாதியை அறிந்துகொள்வார்களோ என்று அஞ்சிக் கேமராவை அணைத்த மாணவி ஈடுபாடு அற்றவளா? இல்லை தோழர்களே! அவள் தன்மானத்தைக் காத்துக்கொண்டாள்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. வருகையைப் பதிந்துவிட்டு உறங்கியவரும் விளையாடியவரும் நம்மிடையே உண்டு. கேள்வி கேட்க இடமற்ற ஒருவழிப் பேச்சு எவருக்கும் சலிப்பூட்டும் என்பது மெய்யே. ஆனால், இழந்த பாடம் யாருடையது? நம்முடையது. தேர்ச்சி கிடைத்தது, தெளிவு கிடைத்ததா என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுப் பாருங்கள்.

ஆதலின் இரண்டு வேண்டுகோள்கள். அக்காலத்தில் பயின்றோர், விட்டுப்போன அடிப்படைகளை வெட்கப்படாமல் மீண்டும் கற்றுக்கொள்ளுங்கள். படிப்பை இடையில் விட்டுக் கூலிக்குச் சென்றவரைத் தேடிச் சென்று அழைத்து வாருங்கள். கழகத்தாரோ, இரவிலும் திறந்திருக்கும் படிப்பகம் ஒன்றை, கணினியோடும் அமைதியோடும் அமைத்துத் தாருங்கள். இனியொரு பேரிடர் வந்தாலும், படிக்க இடமில்லை என்று நம் பிள்ளை ஒருவரும் சொல்லாதிருக்க வேண்டும்.

வெள்ளி விழாவின் பயன் அதுவே ஆகுக!