பன்னிரண்டு வயதில் கடலை நீந்திய பிள்ளை

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் மேடைப் பேச்சாளன் இல்லை. ஏ.எல். வரை படித்துவிட்டு இங்கே பக்ரறியில் வேலை செய்கிறவன். அதனால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வாறன். குற்றாலீஸ்வரன் என்ற ஒரு தமிழ்ப் பிள்ளையின் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

பாக்கு நீரிணை எங்களுக்குப் புதிதல்ல. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். எங்கட சனம் இரவில், விளக்கில்லாத வள்ளங்களில், பிள்ளையளின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு கடந்த கடல் அது. இந்த நீரிணையை 1994ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சிறுவன் ஒருவன் நீந்திக் கடந்தான். அப்போது அவனுக்கு வயது 12. அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாயையும் நீந்தினான். ஒரே ஆண்டில் ஆறு கடற்பரப்புகளை நீந்தி முடித்தான். 1966இல் மிகிர் சென் என்ற வங்காள வீரர் ஒரே ஆண்டில் ஐந்தை நீந்தியிருந்தார். அந்தச் சாதனையை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை முறியடித்தான். 1996இல் இந்திய அரசு அர்ஜுனா விருது கொடுத்தது.

கடல் நீச்சலில் எங்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1954இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி அவர்கள் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்தினார். 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் இந்தியாவுக்கு நீந்திப் போய், திரும்பியும் நீந்தி வந்தார். மொத்தம் 51 மணித்தியாலம். அந்த ஆனந்தன் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். பத்து வருசம் கழித்து அதே கால்வாயைத்தான் குற்றாலீஸ்வரன் கடந்தான்.

கால்வாய் நீச்சல் என்றால் என்னவென்று இளம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒடுங்கிய இடத்திலேயே அகலம் 33 கிலோமீற்றர். நீரோட்டம் இழுப்பதால் நீந்துகிற தூரம் அதைவிடக் கூடும். உடம்பை மூடுகிற சூடான உடுப்புப் போடக்கூடாது. கோடை காலத்திலேயே தண்ணீர் 15 முதல் 18 பாகைதான். துணைக்கு வருகிற படகைக் கையால் தொட்டாலே நீச்சல் கணக்கில் வராது. குடிப்பதையும் தண்ணீரில் நின்றபடியே வாங்கிக் குடிக்க வேண்டும். இப்போது 16 வயதுக்குக் குறைந்தவர்களை இந்த நீச்சலுக்கு ஏற்றுக்கொள்வதில்லை. அந்த விதி நல்லதுதான். ஆனால் 12 வயதில் அதைச் செய்து முடித்த பிள்ளைக்கு எவ்வளவு பயிற்சி இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கோ.

சரி, பிறகு என்ன நடந்தது? ஒலிம்பிக் வீரனாக வந்தானா? இல்லை. கடல் நீச்சலுக்குப் படகு வேண்டும், பயணச் செலவு வேண்டும், பயிற்சியாளர் வேண்டும். தொடர்ந்து பணம் கொடுத்து ஆதரிக்க ஆளில்லாமல் இளம் வயதிலேயே போட்டி நீச்சலை விட்டுவிட்டுப் பொறியியல் படிக்கப் போனார். படிப்பு நல்லதுதான். ஆனால் விருதும் மாலையும் கொடுத்த சமூகம் செலவுக்கு வழி பார்க்கவில்லையே என்பதுதான் என் கவலை.

இனி மொன்றியலுக்கு வருவோம். 1976 ஒலிம்பிக்கிற்கு இங்கே கட்டிய நீச்சல் தடாகத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அங்கே ஹலிபக்ஸ் நகரத்துச் சிறுமி நான்சி கரபிக் மல்லாக்கு நீச்சலில் இரண்டு வெண்கலப் பதக்கம் வென்றார். வயது 14. அதற்கு முதல் வருசம், 13 வயதில், 200 மீற்றர் மல்லாக்கு நீச்சலில் உலக சாதனையும் வைத்திருந்தார். அவரை முந்தியவர்கள் கிழக்கு ஜேர்மன் வீராங்கனைகள். அந்த நாட்டு அரசே தன் விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்து வந்தது பின்னாளில் வெளியே வந்தது.

இந்த இரண்டு பிள்ளைகளின் வயதையும் கவனியுங்கோ. பன்னிரண்டு, பதின்மூன்று, பதின்னான்கு. எங்கட வீடுகளில் பிள்ளையை நீச்சலை விட்டு மறிக்கிற வயதும் இதுதான். பெடியனென்றால் "ரியூசன் இருக்கு" என்கிறோம். பெட்டையென்றால் "பெரியபிள்ளையாகிவிட்டாள், இனி நீச்சலுடுப்பு என்னத்துக்கு" என்கிறோம். ஏழெட்டு வயதில் தொடங்கிய பிள்ளைக்குக் கையும் காலும் மூச்சும் ஒன்றாகச் சேர்ந்து வருகிற நேரத்தில் நிற்பாட்டிவிடுகிறோம்.

கஷ்டம் எனக்கும் தெரியும். நைற் சிப்ற் முடித்து வந்து, படுக்காமல், பனிக்குள்ளே பிள்ளையை விடியப் பயிற்சிக்குக் கொண்டுபோவது லேசான காரியமில்லை. கழகச் சந்தா, போட்டிக் கட்டணம் என்று செலவும் வரும். அதனால்தான் இதை ஒரு வீட்டுக்காரர் தனியாகச் சுமக்கக்கூடாது என்கிறேன்.

நிர்வாகசபையிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, எங்கட ஒவ்வொரு பிள்ளையும் முதலில் உயிர்காக்கிற அளவுக்காவது நீந்தப் பழக வேண்டும். அதற்கு நகரசபை வகுப்புகளில் பிள்ளைகளைச் சேர்க்கச் சங்கம் உதவி செய்ய வேண்டும். இரண்டு, போட்டியில் நீந்துகிற பிள்ளைகளுக்குச் சந்தா கட்ட ஒரு சிறு நிதி தொடங்க வேண்டும். மூன்று, கார் வைத்திருக்கிறவர்கள் முறைவைத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும். நான் சனிக்கிழமைக் காலையை எடுக்கிறேன். மற்ற நாட்களுக்கு ஆட்கள் பெயர் தாருங்கோ.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பதக்கம் கிடைக்குமோ என்று பாராதேயுங்கோ. பிள்ளைக்கு விருப்பம் இருக்கும்வரை விடுங்கோ.